அஞ்சியவனின் வேல்!
ஓய்மா நாட்டை ஆண்ட நல்லியக்கோடன்

மரக்காணம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது உப்பு. கடற்கரையை ஒட்டி ஆயிரக்கணக்கான ஏக்கரில் உப்பளங்கள். கோடை வெயிலில் வெள்ளை வெளேரென்று கண்ணைப் பறிக்கும்.

இந்த ஊருக்குப் பழைய பெயர் எயிற்பட்டினம். எயில் என்றால் மதில். மதில் சூழ்ந்த துறைமுகமாக இருந்த ஊர் இது. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவன் எழுதி வைத்த கடற்பயணக் குறிப்பில் சோபட்மா என்று ஒரு துறைமுகம் வருகிறது. அது இந்த ஊர்தான் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு.

அந்தத் துறைமுகத்துக்குச் சொந்தக்காரன் நல்லியக்கோடன். ஓவியர் குடியில் பிறந்தவன். ஓய்மா நாட்டின் அரசன். அவனுடைய தலைநகர் கிடங்கில். இன்றைய திண்டிவனத்தில் கிடங்கல் என்ற பெயரில் அந்த இடம் இருக்கிறது. மரக்காணத்திலிருந்து சுமார் 35 கிலோமீட்டர்.

சேர, சோழ, பாண்டியர் என்ற மூன்று பெரிய அரசர்களுக்கு நடுவே இவன் ஒரு சிறிய அரசன். ஆனால் பெரிய அரசர்களின் பரிசை விட இவன் பரிசு பெரிது என்று பாடினார் ஒரு புலவர். இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார் என்பது அவர் பெயர். பாட்டின் பெயர் சிறுபாணாற்றுப்படை. மொத்தம் 269 அடிகள்.

பயந்துபோன அரசன்

ஒரு சமயம் நல்லியக்கோடன் மீது பகைவர்கள் படையெடுத்து வந்தார்கள். பெரும் படை! இவனிடமோ படை குறைவு. அரசன் பயந்துபோனான்.

வீரனுக்குப் பயம் உண்டா என்று கேட்கலாம். உண்டு. பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

அவன் முருகனை வழிபட்டான். இரவில் கனவு வந்தது. கேணியில் பூத்திருக்கும் பூவைப் பறித்துப் பகைவர் மேல் எறி என்று கனவில் முருகன் சொன்னான். அரசனும் அப்படியே செய்தான். பூ வேலாக மாறியது! பகைவர் தோற்றனர். அந்தக் கேணி இருந்த ஊர் வேலூர். கோட்டையும் மருத்துவக் கல்லூரியும் உள்ள வேலூர் அல்ல இது. மரக்காணத்திலிருந்து கிடங்கிலுக்குப் போகும் வழியில் இருந்த ஊர்.

இது கதைதான். ஆனால் பொருத்தமான கதை. ஏனென்றால், அஞ்சி வந்தவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பான் என்பது இந்த அரசனுக்குக் கிடைத்த முக்கியமான புகழ். அச்சம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும்!

நான்கு சாட்சிகள்

ஐரோப்பாவில் குதிரை வீரர்களுக்கு ஓர் ஒழுக்க முறை இருந்தது. எளியவர்களைக் காக்க வேண்டும், பொய் பேசக் கூடாது, போரில் பின்வாங்கக் கூடாது என்பவை அதில் சேர்ந்தவை. 1884-ல் லியோன் கோத்தியே என்ற பிரெஞ்சு அறிஞர் அவற்றைப் பத்துக் கட்டளைகளாகத் தொகுத்தார். 1970-களில் அமெரிக்காவில் தோன்றிய ஒருவகைக் கற்பனை விளையாட்டில் கூட அத்தகைய புனித வீரன் உண்டு. நெறி தவறினால் அவனுடைய தெய்வ பலம் போய்விடும் என்பது ஆட்டத்தின் விதி.

நல்லியக்கோடனின் நெறி அந்த வீரர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. ஆனால் அவன் சத்தியம் எதுவும் செய்யவில்லை. நான்கு கூட்டத்தார் அவனைப் பற்றிச் சொல்கிறார்கள். ஒவ்வொருவரும் நான்கு குணங்கள்; ஆக மொத்தம் பதினாறு.

முதலில் அறிவுடையவர்கள். செய்த நன்றியை மறவாதவன், கீழ்மக்களோடு சேராதவன், முகம் கோணாதவன், பழக இனியவன் என்றார்கள்.

அடுத்து, வாளேந்திய வீரர்கள். அஞ்சி வந்தவர்களைக் காப்பான்; கடுங்கோபம் கொள்ள மாட்டான்; எதிரியின் அணிக்குள் புகுந்து போரிடுவான்; தன் படை சிதறினால் முன்னே நின்று தாங்குவான். இதில் கோபம் கொள்ளாமை என்பதைப் பாருங்கள்! கையில் வாளும் வேண்டும், மனதில் வெறியும் கூடாது. எத்தனை பேரால் முடியும்?

மூன்றாவதாகப் பெண்கள். நினைத்ததை முடிப்பான், விரும்பத்தக்கவன், பெண்ணுக்கு அடிமையாகிவிடமாட்டான், மற்றவர் மனதில் ஓடுவதை அறிவான் என்றார்கள்.

கடைசியாக, பரிசு பெற வந்த கலைஞர்கள். தன்னை விட அறிவில் குறைந்தவர் முன் தானும் ஒன்றும் அறியாதவன் போல இருப்பான். அறிஞர் முன் தன் அறிவைக் காட்டுவான். அவரவர் தகுதியை அறிவான். ஆனாலும் அளவு பார்க்காமல் கொடுப்பான். பதினாறில் மிகவும் அரியது, அறியாதவன் போல இருப்பதுதான். வந்தவன் வெட்கப்படக் கூடாதே என்ற எண்ணம்!

புகழ்ந்தவர்களின் வரிசையையும் கவனிக்க வேண்டும். போர்க்களத்தில் இவன் எப்படி என்று வீரன் சொல்கிறான். கொடையில் எப்படி என்று கைநீட்டியவன் சொல்கிறான். அரசன் தவறினால் யார் பாதிக்கப்படுவார்களோ, அவர்களே சாட்சி!

உப்பில்லாத கீரை

கைநீட்டியவர்கள் எந்த நிலையில் இருந்தார்கள்? பரிசு பெற்றுத் திரும்பும் ஒரு பாணன், தன் வீட்டின் பழைய நிலையைச் சொல்கிறான்.

அடுப்பங்கரையில் நாய் குட்டி போட்டிருக்கிறது. கண் திறவாத குட்டி பால் குடிக்க முட்டுகிறது. தாயின் மடியில் பால் இல்லை. வலி தாங்காமல் தாய் குரைக்கிறது. செல்லரித்த பழஞ்சுவரில் காளான் பூத்திருக்கிறது. பசியால் இடுப்பு ஒட்டிய மனைவி, குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து வேகவைக்கிறாள். போடுவதற்கு உப்பு இல்லை! அக்கம்பக்கத்தார் பார்த்துவிடுவார்களோ என்று வெட்கப்பட்டுக் கதவை அடைத்துவிட்டு, சுற்றத்தாரோடு பங்கிட்டு உண்கிறாள்.

அப்படிப்பட்ட குடும்பத்துக்குத்தான் பாணன் வழி காட்டுகிறான். எயிற்பட்டினம் போனால் பரதவர் வீட்டில் மதுவும் சுட்ட குழல்மீனும் கிடைக்கும். அங்கே அலை ஒதுக்கிய அகில் கட்டைகள் தூங்கும் ஒட்டகம் போலக் கிடக்கும், அவைதான் விறகு! வேலூரில் புளிச்சோறும் சுட்ட இறைச்சியும். ஆமூரில் வெண்சோறும் நண்டும். பிறகு கிடங்கில்.

அந்த அரண்மனைக் கதவு பொருநருக்கும் புலவருக்கும் அந்தணருக்கும் எப்போதும் திறந்திருக்கும். வந்தவனுக்கு முதலில் மெல்லிய ஆடை. பிறகு விருந்து, பீமன் எழுதியதாகச் சொல்லப்படும் சமையல் நூல் முறைப்படி! வேலைக்காரர்கள் பரிமாறவில்லை. நல்லியக்கோடனே பக்கத்தில் நின்று, பொற்கலத்தில் உணவிட்டு உண்ணச் செய்வான்.

இந்தப் பாட்டு ஓலைச்சுவடியில் கிடந்தது. 1889-ல் உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சிட்டபோது நாட்டுக்கு வெளிச்சமானது. புறநானூற்றிலும் 176-ஆம் பாட்டு இவனைப் பற்றியது. பாடியவர் புறத்திணை நன்னாகனார்.

விருந்து முடிந்ததும் பரிசு. போரில் வீரர்கள் கொண்டுவந்த செல்வத்தைக் கொடுப்பான். குதிரையை மிஞ்சி ஓடும் காளைகள் பூட்டிய வண்டி வரும். ஓட்டுவதற்கு ஆளும் தருவான். நாளை வா என்ற பேச்சே அங்கே இல்லை. வந்த அன்றே பாணனை வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவான்.