வெயிலை அளந்த அன்னா மணி

சித்திரை வெயிலில் வேலூர்க் கோட்டைச் சுவரும் கொதிக்கும். ஆம்பூர் தோல் ஷாப்புகளில் காயப்போட்ட தோல் விறைத்துவிடும். அந்த வெயிலை நாம் வைவதோடு சரி. அதனை முறையாக அளக்க வழி செய்தவர் ஒரு பெண்மணி.

அன்னா மணி 1918 ஆகஸ்டு 23-ஆம் நாள் திருவிதாங்கூரில் பீருமேட்டில் பிறந்தார். எட்டாவது பிறந்த நாளில் வைரத்தோடு வேண்டாமென்று, கலைக்களஞ்சியம் கேட்டு வாங்கினார். (நம் வீடுகளில் இப்படிக் கேட்டால் என்ன நடக்கும் என்று எண்ணிச் சிரித்தோம்!)

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றபின், பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் வைரங்களின் ஒளியை ஆராய்ந்தார். தோடாக வேண்டாத வைரம் ஆய்வுப் பொருளாக வந்து சேர்ந்தது! ஐந்து கட்டுரைகள் எழுதியும், முதுகலைப் பட்டம் இல்லையென்று டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. எங்களுக்குத்தான் மனம் ஆறவில்லை.

லண்டனில் வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்று, 1948-இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். ஏறக்குறைய நூறு கருவிகளுக்கு வரைபடங்களை ஒழுங்குசெய்து, அவற்றை இங்கேயே செய்வித்தார். 1957-58-இல் சூரியக் கதிர்வீச்சை அளக்க நிலையங்கள் அமைத்தார். பலூனில் ஏறிச் சென்று ஓசோனை அளக்கும் கருவியையும் அவர் குழு உருவாக்கியது.

கரியமில வாயு பெருகிப் பூமி சூடேறுகிறது, துருவப் பனி உருகுகிறது என்று படிக்கிறோம். அரை டிகிரி, ஒரு டிகிரி வேறுபாட்டை அறியப் பல்லாண்டுகள் பிழையின்றி எடுத்த கணக்கு வேண்டும். பிழையாக அளப்பதைவிட அளக்காதிருப்பதே மேல் என்பது அவர் கொள்கை. இந்தியாவில் செய்த ஓசோன் கருவிகள் பின்னாளில் பனிக்கண்டமாகிய அண்டார்க்டிகாவின் வானிலும் ஏறின.

1976-இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். பிறகும் காற்றின் ஆற்றலை ஆராய்ந்துவந்த அவர், 2001 ஆகஸ்டு 16-ஆம் நாள் திருவனந்தபுரத்தில் காலமானார்.