ஒரு வருஷத்துக்குன்னு போன டாக்டர்

எங்க வீட்டுல ஒரு சோலாப்பூர் போர்வை இருக்கு. அவ்வா அதை யாருக்கும் கொடுக்க மாட்டாங்க. மார்கழிக் குளிருல நாங்க எல்லாரும் அதுக்குத்தான் சண்டை போடுவோம். சோலாப்பூர்ங்கிறது போர்வையோட பேருன்னுதான் ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன். அது மகாராஷ்டிராவுல இருக்கிற ஒரு ஊர். பெங்களூருல இருந்து மும்பை போற உத்யான் எக்ஸ்பிரஸ் அந்த ஊர்ல நின்னுட்டுத்தான் போகும். அந்த ஊர்ல பிறந்த ஒரு டாக்டரைப் பத்தித்தான் இந்த மாசம் எழுதுறேன்.

அவர் பேர் துவாரகாநாத் கோட்னிஸ். 1910 அக்டோபர் 10-ல் பிறந்தார். பம்பாயில் சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டர் ஆனார். மேல்படிப்புக்குத் தயாராகிக்கொண்டு இருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது.

1937-ல் ஜப்பான் படை சீனாவுக்குள் நுழைந்தது. சீனாவில் காயம்பட்டவர்களைப் பார்க்க டாக்டர்களே போதவில்லை. அங்கிருந்த தளபதி சூ டே, நேருவுக்குக் கடிதம் எழுதி டாக்டர்களை அனுப்பச் சொல்லிக் கேட்டார். அப்போது, 1938-ல், காங்கிரஸ் தலைவராக இருந்தவர் சுபாஷ் சந்திர போஸ். நம்ம நாடே அப்போ வெள்ளைக்காரன் கையில இருந்துச்சு, ஞாபகம் வச்சுக்கோங்க. நமக்கே சுதந்திரம் இல்லாதப்போ இன்னொரு நாட்டுக்கு உதவணும்னு மக்கள்கிட்ட பணம் வசூல் பண்ணி 22,000 ரூபாய் சேர்த்தாங்க. ஒரு ஆம்புலன்ஸ் வண்டியும் கூடவே போச்சு.

போன டாக்டர்கள் ஐந்து பேர். அலகாபாத் மதன் மோகன்லால் அடல்தான் தலைவர். நாக்பூரில் இருந்து சோல்கர், கல்கத்தாவில் இருந்து பி.கே. பாசு, தேபேஷ் முகர்ஜி, சோலாப்பூர் கோட்னிஸ். கோட்னிஸுக்கு அப்போது 28 வயசுகூட ஆகவில்லை. 1938 செப்டம்பரில் பம்பாய் துறைமுகத்தில் கப்பல் ஏறினார்கள். ஒரு வருஷம் வேலை செய்துவிட்டுத் திரும்பி வருவது என்பதுதான் ஏற்பாடு. வீட்டுல அம்மாவும் அப்பாவும் அப்படி நினைச்சுத்தான் அனுப்பி வச்சிருப்பாங்க.

சீனாவில் இறங்கியதும் அவர்களுக்குச் சீனப் பேர் வைத்தார்கள். ஒவ்வொருத்தர் பேரிலும் கடைசியில் ஹுவா என்று சேர்த்தார்கள். ஹுவா என்றால் சீனா. கோட்னிஸ், கே டிஹுவா ஆனார். அங்கே போன கொஞ்ச மாதத்தில் அப்பா இறந்துபோன செய்தி வந்தது. ஊருக்குத் திரும்பிப் போகலாம் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். அவர் போகவில்லை. இந்த இடத்தை என்னால ஒத்துக்கவே முடியல. அம்மாவைப் பார்க்கவாவது போயிருக்கலாமேன்னு எங்க வீட்டுலயும் சொன்னாங்க. ஆனா அவர் எடுத்த முடிவு அதுதான்.

1939 பிப்ரவரியில் யெனான் என்ற மலை ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். குண்டு போடுவார்கள் என்ற பயத்தில் அங்கே மலையைக் குடைந்து குகைக்குள்தான் மக்கள் இருந்தார்கள். ஆஸ்பத்திரி வேலையும் அப்படித்தான் நடந்தது. வருஷம் முடியும்போது ஒவ்வொருத்தராக இந்தியாவுக்குத் திரும்பினார்கள். சோல்கரும் முகர்ஜியும் முதலில் போனார்கள். 1940-ல் அடலும் போய்விட்டார். பாசுவும் கோட்னிஸும் மட்டும் இருந்தார்கள். பிறகு பாசுவை யெனானுக்கே வரச் சொல்லிவிட்டார்கள். போர் நடக்கும் வட சீன மலைப்பகுதியில் கோட்னிஸ் தனியாக நின்றார்.

அதே பகுதியில் அவருக்கு முன்னால் வேலை செய்தவர் கனடா நாட்டு டாக்டர் நார்மன் பெத்தூன். ஆபரேஷன் செய்யும்போது விரலில் பட்ட வெட்டு சீழ் பிடித்து, ரத்தத்தில் விஷம் ஏறி, 1939 நவம்பரில் இறந்துபோனார். அவர் பேரில் ஒரு மருத்துவப் பள்ளியும் ஆஸ்பத்திரியும் இருந்தன. அந்தப் பள்ளியில் கோட்னிஸ் ஆசிரியர் ஆனார். 1941 ஜனவரியில் அந்த ஆஸ்பத்திரிக்கு இயக்குநரும் ஆனார். அதுக்கு முன்னாடி 1940-ல் நடந்த பெரிய சண்டையில 72 மணி நேரம் தூங்காம ஆபரேஷன் பண்ணினார்னு சொல்றாங்க. மூணு பகல், மூணு ராத்திரி. நமக்கு முழு ஆண்டுத் தேர்வுக்கு ஒரு ராத்திரி முழிச்சாலே மறுநாள் தலை சுத்துது.

எனக்கு அவர் ஆபரேஷன் பண்ணினதைவிடப் பாடம் நடத்தினதுதான் பெரிசா தெரியுது. ஏன்னா அவருக்குச் சீன மொழி ஒரு எழுத்துகூடத் தெரியாது. அது நம்ம மாதிரி 247 எழுத்து கத்துக்கிட்டா முடியிற விஷயமும் இல்ல. ஒவ்வொரு சொல்லுக்கும் படம் மாதிரி எழுத்து, ஆயிரக்கணக்குல இருக்கு. அதே சொல்லைக் குரலை ஏத்திச் சொன்னா ஒரு அர்த்தம், இறக்கிச் சொன்னா வேற அர்த்தம். அதை உட்கார்ந்து கற்றுக்கொண்டு, பேச, படிக்க, எழுதவும் பழகி, பிறகு சீன மொழியிலேயே வகுப்பு எடுத்தார். மொழிபெயர்ப்பாளரை வைத்தே ஒப்பேற்றி இருக்கலாம். அறுவைச் சிகிச்சைக்குப் பாடப் புத்தகம் இல்லை என்பதால் மாணவர்களுக்காக அவரே எழுதவும் ஆரம்பித்தார்.

இங்க ஒண்ணு சொல்லணும். நம்ம வகுப்புல வீட்டுல தெலுங்கு பேசுறவங்க இருக்கோம், கன்னடம் பேசுறவங்க இருக்காங்க, உருது பேசுறவங்க இருக்காங்க. ஆனா போன வருஷம் ஒடிசாவுல இருந்து ஒரு பொண்ணு வந்து சேர்ந்தப்போ (அவங்க அப்பா கம்பெனி வேலைக்கு வந்தவர்) மூணு மாசம் அவகிட்ட யாரும் பேசல. நானும் பேசல. அவளுக்குத் தமிழ் வராதுன்னு சொல்லிக்கிட்டோம். கோட்னிஸைப் பத்திப் படிச்சதுக்கு அப்புறம்தான், எனக்குத்தான் ஒடியா வராதுன்னு யோசிச்சேன். இப்ப அவகிட்ட தினம் ரெண்டு சொல் கேட்கிறேன். தண்ணிக்கு அவங்க பாணின்னு சொல்றாங்க. நான் சொல்ற விதத்தைக் கேட்டு அவ சிரிக்கிறா.

சரி, கதைக்கு வர்றேன். சார்ட் பேப்பர்ல இடம் குறைவா இருக்கு, அதனால எழுத்து சின்னதா ஆகுது, மன்னிச்சுக்கோங்க.

அதே பெத்தூன் பள்ளியில் நர்சு படிப்பு சொல்லிக்கொடுத்தவர் குவோ சிங்லான். பெத்தூன் கல்லறைத் திறப்பு விழாவில்தான் இருவரும் முதலில் பார்த்துக்கொண்டார்கள். 1941-ல் கல்யாணம் நடந்தது. 1942 ஆகஸ்டில் ஆண் குழந்தை பிறந்தது. அதற்கு யின்ஹுவா என்று பேர் வைத்தார்கள். யின் என்றால் இந்தியா, ஹுவா என்றால் சீனா.

ஆனால் கோட்னிஸுக்கு வலிப்பு நோய் வந்திருந்தது. மருந்தும் சரியான சாப்பாடும் கிடைக்காத இடம், ஓய்வும் இல்லை. வலிப்பு அடிக்கடி வந்தும் வகுப்பையும் ஆபரேஷனையும் விடவில்லை. இரண்டாவது பாடப் புத்தகம் பாதியில் இருந்தது. 1942 டிசம்பர் 9-ல் இறந்துபோனார். வயசு 32. குழந்தைக்கு நாலு மாசம்கூட முடியல. ஒரு வருஷத்துக்குன்னு போனவர் நாலு வருஷம் மூணு மாசம் அங்கேயே இருந்து, அந்த மண்ணுலயே அடங்கிட்டார். பாசு மட்டும் 1943-ல் இந்தியா வந்து சேர்ந்தார்.

1946-ல் இயக்குநர் சாந்தாராம் அவர் வாழ்க்கையை இந்திப் படமாக எடுத்தார், கோட்னிஸாக நடித்ததும் அவரேதான். 1962-ல் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் போரே நடந்தது. அதுக்கு அப்புறமும் அங்கே அவரை யாரும் மறக்கல. சீனா 1982-லும் இந்தியா 1993-லும் அவர் படம் போட்ட தபால்தலை வெளியிட்டன. சீனாவில் இருந்து பெரிய தலைவர்கள் இந்தியா வந்தபோது அவர் குடும்பத்தாரைப் போய்ப் பார்த்தார்கள். சிஜியாசுவாங் நகரத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. அவர் பேரில் ஒரு மருத்துவப் பள்ளியும் நடக்கிறது. சோலாப்பூரில் அவர் வீடு நினைவகம் ஆகிவிட்டது.

மகன் யின்ஹுவாவும் அப்பா மாதிரி டாக்டருக்குத்தான் படித்தார். படிப்பு முடிகிற சமயத்தில், 1967-ல், அவரும் இறந்துவிட்டார். அதைப் படிச்சப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு. குவோ சிங்லான் பல தடவை இந்தியா வந்து கோட்னிஸ் குடும்பத்தாரைப் பார்த்துவிட்டுப் போனார். 2012-ல் 96-வது வயசில் இறந்தார்.

இதை எழுதி முடிச்சு அவ்வாவுக்குப் படிச்சுக் காட்டினேன். எல்லாத்தையும் கேட்டுட்டு அவ்வா கேட்டது ஒரே ஒரு கேள்விதான். அந்தச் சீனாக்காரப் பொண்ணு முதல் தடவை மாமியார் ஊருக்கு வந்தப்போ, எந்த மொழியில பேசினாங்கன்னு கேட்டாங்க.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி