ஆற்றின் இயல்பறிந்த ஆர்தர் காட்டன்

இயற்கையை எதிர்த்து நின்று அதனை அடக்க முயல்வோர் உலகில் பலர். அதன் இயல்பை ஆராய்ந்து, அதற்கு இயைந்த வகையில் தம் செயலை அமைத்துக்கொள்வோர் சிலர். அச்சிலருள் ஒருவர் சர் ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர். காவிரி, கோதாவரி ஆகிய இரு பேராறுகளின் கழிமுக நிலங்களும் அவர் பணியால் வளம் பெற்றன.

காட்டன் 1803ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். இளமையிலேயே படைப்பயிற்சிப் பள்ளியிற் சேர்ந்து பொறியியல் கற்றார். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பொறியாளர் படையில் இடம் பெற்று, 1821ஆம் ஆண்டில் தம் பதினெட்டாம் வயதில் இந்தியாவிற்கு வந்தார். சில ஆண்டுகளுக்குப்பின் காவிரிப் பாசனத்தை ஆராயும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அக்காலத்தில் தஞ்சைத் தரணி பெருந்துன்பத்தை நோக்கிச் சென்று கொண்டிருந்தது. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பு என்னும் இடத்தில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி என்னும் பெயரோடே வயல்களுக்குச் செல்லும். வடகிளையாகிய கொள்ளிடம் நேரே கடலை நாடும். கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. காவிரியின் படுகையோ ஆண்டுதோறும் மணல் படிந்து மேடாகி வந்தது. ஆதலால் வயலுக்கு வேண்டிய நீரிற் பெரும்பகுதி கொள்ளிடத்தின் வழியே வீணாயிற்று. விளைநிலங்கள் வறண்டன, உழவர் கலங்கினர், கம்பெனியாரின் வரி வருவாயும் குறைந்தது.

இதனை நீக்கும் வழியைத் தேடிய காட்டன், கரிகாற் சோழன் எடுப்பித்ததாகப் போற்றப்படும் கல்லணையை நுணுகி ஆராய்ந்தார். அதன் அடியிற் பாறை இல்லை. ஆழங்காண வியலாத மணலே இருந்தது. மணலில் இட்ட பெருங்கற்கள் தாமே கீழிறங்கி ஓரிடத்தில் நிலைத்தன; அவற்றின்மேல் களிமண்ணை இட்டு மேலும் கற்களை அடுக்கிப் பழந்தமிழர் அணையை எழுப்பியிருந்தனர். மணலை அகற்ற முயலாது, மணலையே துணையாகக் கொண்ட அம்முறை காட்டனை வியப்பில் ஆழ்த்தியது. மணற்படுகையில் அடித்தளம் இடும் முறையை இந்நாட்டு முன்னோரிடமே கற்றதாக அவர் பிற்காலத்தில் ஒளிவின்றி எழுதினார். அணைக்கட்டு என்னும் தமிழ்ச்சொல்லும் சிறிது திரிந்து ஆங்கிலத்தில் இடம்பெற்றது.

ஆறு நீரை மட்டும் கொண்டு வருவதில்லை. மணலையும் கொண்டு வருகிறது. நீருக்கு வழிவிட்டு மணலுக்கு வழி விடாத அணை, நாளடைவில் தானே புதைந்து போகும். இதனை உணர்ந்த காட்டன், 1830ஆம் ஆண்டளவில் கல்லணையில் மணல் வாரி மதகுகளை அமைத்தார். 1836ஆம் ஆண்டில் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையையும், நெடுந்தொலைவு கீழே அணைக்கரையில் கீழணையையும் கட்டி முடித்தார். கீழணையால் வீராணம் ஏரியும் நீர் பெற்றது.

எனினும் ஆறு தன் மறுமொழியை விரைவில் தந்தது. மேலணையால் திருப்பப்பட்ட நீர் காவிரிப் படுகையை அளவுக்கு மீறி அரித்து ஆழமாக்கிற்று. முன்பு நீர் குறைந்த காவிரியில் இப்போது நீர் மிகுந்து அச்சம் விளைந்தது. ஆகவே 1843ஆம் ஆண்டில் மேலணையின் நடுப்பகுதி தாழ்த்தப்பட்டது. 1845ஆம் ஆண்டில் காவிரியின் தலைப்பிலும் ஓர் அணை கட்டப்பட்டது. இதன் பின்னரே இரு கிளைகளும் சமநிலை எய்தின. அணை கட்டி முடிவதோடு பொறியாளர் பணி முடிவதில்லை என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இவ்வறிவு கோதாவரியில் முழுப்பயன் தந்தது. 1833ஆம் ஆண்டளவில் கொடிய பஞ்சத்தால் அப்பகுதி மக்கள் பெருந்தொகையினர் மடிந்தனர். பேராறு அருகில் ஓடியும் வயலுக்கு நீரில்லை. காட்டனின் திட்டப்படி 1847ஆம் ஆண்டில் தவளேசுவரத்தில் பணி தொடங்கி, 1852ஆம் ஆண்டில் நிறைவுற்றது. ஆற்றிடையே இயற்கையாக அமைந்த மூன்று தீவுகளைத் துணையாகக் கொண்டு, அணையை நான்கு பகுதிகளாக அவர் அமைத்தார். கல்லை அருகிலிருந்த குன்றிலிருந்தே எடுத்தார். அணையின் உயரம் ஏறத்தாழ 12 அடியே. வெள்ளம் அதன்மேல் தடையின்றி வழிந்து செல்லும். வேண்டிய நீர் கால்வாய்களிற் பாயும். அக்கால்வாய்களிற் படகுகளும் செல்லும். பஞ்சத்தால் நலிந்த அந்நிலம் நெற்களஞ்சியமாயிற்று.

1861ஆம் ஆண்டில் காட்டன் சர் பட்டம் பெற்றார். ஓய்வு பெற்றுத் தாயகம் சென்ற பின்னும், மண்ணை ஆழ உழுது பயிர் விளைக்கும் ஆய்வில் முதுமையைக் கழித்தார். 1899ஆம் ஆண்டு சூலை மாதம் 24ஆம் நாள் காலமானார். கோதாவரியிற் பழைய அணைக்கு மாற்றாக எழுந்து 1982ஆம் ஆண்டில் முடிவுற்ற புதிய அணை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

மக்கள் கட்டியவை என்றும் அழியாதன அல்ல. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத வெள்ளத்தில் மேலணையின் ஒன்பது மதகுகள் உடைந்து வீழ்ந்தன; அருகே புதிய கதவணை கட்ட நேர்ந்தது. ஆனால், காட்டன் கல்லணையிற் கற்ற பாடம் அழியாதது. ஆற்றுக்கு ஆணையிடப் புகுமுன் அதன் போக்கை அறிதல் வேண்டும். அறிந்தபின் அதனோடு இயைந்து செல்லுதல் வேண்டும். நாளை அணையும் பாலமும் ஆலையும் அமைக்கப்போகும் மாணவர் அனைவரும் இதனை நெஞ்சிற் கொள்வாராக.