ஈயச் சிப்பாய்களின் சேனாதிபதி

ஆங்கில ஆசிரியர் ஹெச். ஜி. வெல்ஸின் பெயரை அறியாதார் நமது நேயர்களில் சிலரே இருப்பர். காலயந்திரத்தையும் செவ்வாய்க் கிரகவாசிகளின் படையெடுப்பையும் கற்பித்து எழுதியவர், உலக சரித்திரத்தை ஒரே நூலில் அடக்கி அதில் அசோக சக்கரவர்த்தியை மற்ற முடிமன்னர் எல்லோருக்கும் மேலாக வைத்துப் போற்றியவர் என்ற அளவில் நம் நாட்டார் அவரை அறிவர். ஆனால் அவர் ஈயச் சிப்பாய்களைத் தரையில் அணிவகுத்து நிறுத்தி, நண்பர்களுடன் மணிக்கணக்காகப் போர் ஆடினார் என்பதும், அவ்வாட்டத்துக்கு விதிகள் வகுத்து 1913-ல் ஒரு புஸ்தகமே வெளியிட்டார் என்பதும் பலருக்குத் தெரியாத விஷயங்கள். இதை ஒரு பெரிய மனிதரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய பிழை இந்த நூல் வந்த மறு ஆண்டிலேயே நேர்ந்தது. ஆட்டத்தை அறிந்தவர்க்கே அப்பிழையின் தன்மை விளங்கும்.

வெல்ஸ் 1866-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி கென்ட் பிராந்தியத்தில் ப்ராம்லி என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ஒரு சிறு பீங்கான் கடை வைத்திருந்தார். கடையில் வராத பணத்தைக் கிரிக்கெட் பந்து வீசிச் சம்பாதித்தார். தாயார் பின்னாளில் ஒரு மாளிகையில் வீட்டு நிர்வாகியாக வேலை பார்த்தார். சிறு வயதில் கால் முறிந்து படுத்திருந்தபோதுதான் பையனுக்குப் புஸ்தகப் பித்துப் பிடித்தது. குடும்பத்தார் அவரை ஜவுளிக் கடையில் வேலை பழக விட்டனர். அவர் அதை வெறுத்து வெளியேறினார். 1884-ல் உபகாரச் சம்பளம் பெற்று லண்டனில் புகழ் பெற்ற விஞ்ஞானி ஹக்ஸ்லியிடம் உயிர் நூல் பயின்றார். ‘காலயந்திரம்’ 1895-ல் வெளிவந்தது. அதன் பின்னர் அவருக்கு வறுமை என்பதில்லை.

யுத்தத்தைப் பற்றி அவர் முன்கூட்டிக் கண்டவை வியக்கத் தக்கவை. தரையில் ஊர்ந்து செல்லும் இரும்புக் கோட்டைகளை 1903-ல் ஒரு கதையில் வர்ணித்தார். 1916 செப்டம்பரில் ஸோம் போர்க்களத்தில் டாங்கிகள் முதன்முதலாக இறங்கின. ஆகாயத்திலிருந்து நகரங்கள் எரிக்கப்படுவதை 1908-ல் எழுதினார். அணுகுண்டு என்ற பெயரையே 1914-ல் ஒரு நாவலில் முதன்முதலில் பிரயோகித்தவர் அவர்தான். ஹங்கேரிய விஞ்ஞானி ஸிலார்ட் 1932-ல் அந்நாவலைப் படித்தார். மறு ஆண்டு அணுக்கருத் தொடர்வினை என்னும் எண்ணம் அவருக்கு உதித்தது. இத்தகைய மனிதர்தான் முழங்காலைத் தரையில் ஊன்றிப் பொம்மைச் சண்டை ஆடினார்.

ஆட்டம் பிறந்த கதை வேடிக்கையானது. வில்வைத்த பொம்மைப் பீரங்கி ஒன்று அப்போது கடைகளுக்கு வந்திருந்தது. ஓர் அங்குல நீளமுள்ள மரக்குண்டை அது ஒன்பது கஜ தூரம் பெரும்பாலும் குறி தவறாமல் எய்யும். ஸாண்ட்கேட்டில் வெல்ஸின் வீட்டில் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் வந்திருந்த ஒரு நண்பர் அதனால் ஒரு சிப்பாயைச் சுட்டு வீழ்த்தினார். அவர் நகைச்சுவை எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோம் என்பர். மற்றவருக்கும் கை துறுதுறுத்தது. கலைக்களஞ்சியத்தின் தடித்த தொகுதிகளைக் கம்பளத்தின் மேல் வைத்து மலையும் மேடுமாக்கி, இரண்டு சேனைகளை நிறுத்தினர். பிரிட்டன் என்பாரின் கம்பெனி 1893 முதல் உள்ளீடற்ற ஈயப் பொம்மைகளை வார்த்து, வர்ணம் பூசி, மலிவாக விற்று வந்ததால் சேனைக்குப் பஞ்சமில்லை. (நம் சென்னைக் குதிரைப்படை வீரரும் அந்தக் கம்பெனியின் பெட்டிகளில் அடுக்கப்பட்டு ஆங்கிலச் சிறுவரின் கைக்குப் போயினர். ஏகாதிபத்தியம் எதைத்தான் விலைக்கு வைக்கவில்லை!)

விதிகள் படிப்படியாக வகுக்கப்பட்டன. காலாள் ஒரு முறைக்கு ஓரடி நகரலாம். குதிரை வீரன் ஈரடி. பீரங்கிக்கு ஆறு அங்குலத்துக்குள் நான்கு வீரராவது இல்லையேல் அது சுடவும் கூடாது, நகரவும் கூடாது. முப்பது வீரருக்கு ஒரு நிமிஷம், பீரங்கிக்கு ஒரு நிமிஷம் என்று கடிகாரம் வைத்துக் கணக்கிட்டனர்; நேரம் முடிந்தால் அசையாது நின்றவன் நின்றவனே. ஆரம்பத்தில் களத்தின் நடுவே ஒரு திரை தொங்கும். இரு தரப்பாரும் தத்தம் சேனையை ஒருவரறியாமல் ஒருவர் நிறுத்திய பின் அது விலக்கப்படும். கைகலப்பு நேர்ந்தால் தலைக்குத் தலை வீழ்ச்சி. சிறுபடை தனித்து அகப்பட்டுக் கொண்டால் சிறைபட வேண்டியதுதான்.

இதில் பகடை இல்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். பிரஷ்ய ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்னும் இளம் அதிகாரி 1824-ல் புகுத்திய யுத்த ஆட்டம் வேறு வகை. அதில் தேசப்படத்தின் மேல் கட்டைகளை நகர்த்துவர், பகடை உருட்டுவர், மத்தியஸ்தர் ஒருவர் தீர்ப்புச் சொல்வர். 1870-ல் பிரான்ஸைப் பிரஷ்யா வென்ற பின் மற்ற ராஜ்யங்களும் அதைக் கைக்கொண்டன. அது சேனாதிபதிகளைத் தயாரிக்கும் பள்ளிக்கூடம். வெல்ஸுக்கு அது சலிப்பூட்டியது. அவருடைய ஆட்டத்தில் மத்தியஸ்தர் இல்லை. குறி பார்க்கும் கண்ணும், கடிகாரத்தின் அவசரத்தில் கலங்காத புத்தியுமே உண்டு. தம்முடன் ஆட வந்த ராணுவ அதிகாரிகளில் எளிய விதிகளிலேயே குழம்பித் தடுமாறாதவர் ஒருவரும் இல்லை என்று அவர் குறும்பாக எழுதி வைத்தார். தம் நூலின் முடிவில் அவர் சொன்னது இதுதான்: இவ்வாட்டத்தை மூன்று நான்கு தரம் ஆடிப் பார்த்தவன் மெய்யான யுத்தம் எவ்வளவு குளறுபடியானது என்பதை உணர்வான், யுத்த வெறியரையெல்லாம் ஓர் அறையில் அடைத்துப் பொம்மைகளைக் கொடுத்து ஆடவிட்டு, மற்ற ஜனங்கள் தத்தம் வேலையைப் பார்க்கலாம்.

அந்நூல் வீண்போகவில்லை. இன்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இவ்வாட்டத்துக்கென்றே சங்கங்கள் உண்டு. இரண்டாம் மகாயுத்தத்தில் டாங்கிப் படையில் இருந்து மீண்ட டொனால்டு ஃபெதர்ஸ்டோன் 1962-ல் எழுதிய நூல் அவை பெருகத் துணை செய்தது. வெல்ஸும் நண்பரும் கடையில் வர்ணம் பூசி விற்ற பொம்மையைக் கொண்டு ஆடினர். சங்கத்தாரோ ஓர் அங்குலப் பொம்மைக்குத் தாமே மெல்லிய தூரிகையால் வர்ணம் தீட்டுகின்றனர். வாட்டர்லூவில் நின்ற ஒரு ரெஜிமெண்டின் கழுத்துப்பட்டை என்ன நிறம், பொத்தான் எத்தனை என்று நூல்களைப் புரட்டி நிச்சயித்துக் கொண்ட பிறகே தூரிகையைத் தொடுவர். சரித்திரத்தைக் கற்க இதைவிட மோசமான வழிகள் நம் கலாசாலைகளிலேயே உண்டு.

1914 ஆகஸ்டில் மெய்யான யுத்தம் வந்தது. எந்தப் புதல்வரின் விளையாட்டறையில் இவ்வாட்டம் வளர்ந்ததோ, அவர்களுக்கு அப்போது வயது முறையே பதின்மூன்றும் பத்தும். தகப்பனார் என்ன செய்தார்? யுத்தத்தை அறைக்குள் அடைக்கச் சொன்னவர், இந்த யுத்தமே யுத்தங்களுக்கெல்லாம் முடிவு கட்டும் என்று பத்திரிகைகளில் எழுதித் தள்ளினார். அந்தக் கட்டுரைகளின் தொகுதி அவ்வாண்டிலேயே நூலாயிற்று. அவருடைய நண்பர் மாஸ்டர்மன் பிரிட்டிஷ் சர்க்காரின் பிரசார இலாகாவை ஏற்றிருந்தார். அவர் செப்டம்பர் 2-ந் தேதி கூட்டிய எழுத்தாளர் கூட்டத்தில் ஹார்டி, செஸ்டர்டன், கானன் டாயில் முதலியோருடன் வெல்ஸும் போய் அமர்ந்தார். 1918-ல் எதிரி நாட்டுக்குள் பிரசாரம் செய்யும் பொறுப்பையும் ஏற்றுச் சில மாதங்களில் மனம் கசந்து விலகினார்.

பொம்மைச் சிப்பாயுடன் ஆடியதால் அவருக்கு யுத்த ஆசை பிறந்தது என்று சிலர் கூறக்கூடும். நாம் அதை ஒப்பவில்லை. ஆட்டம் அவருக்குச் சரியான பாடத்தையே கற்பித்தது. அதை அவரே எழுதியும் வைத்தார். ஆட்டத்தில் விதி முன்னதாக வகுக்கப்படுகிறது. எதற்காக ஆடுகிறோம் என்பதும் ஆடுவோர் கையில் இருக்கிறது. யுத்தத்தில் இரண்டும் இல்லை. ஜெர்மன் ராணுவ ஆதிக்கத்தை ஒழித்து உலக சமாதானம் என்ற முடிவில் யுத்தத்தைக் கொண்டுபோய் நிறுத்தலாம் என்று அவர் நம்பினார். சேனைகளை நகர்த்துவது அவர் கையன்று, லட்சியத்தை வகுப்பதும் அவர் வாக்கன்று என்பதை மறந்தார். எழுத்தாளர் சொன்ன லட்சியத்தை மந்திரிகள் வேண்டியபோது எடுத்துக் காட்டினர்; வேலை முடிந்ததும் மூட்டை கட்டி வைத்தனர். அந்த வாக்கியத்தை நம்பியோர் ஐரோப்பாவில் மட்டும் இருக்கவில்லை. நம் தேசத்திலிருந்து பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கடல் கடந்து சென்றனர். எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1919-ல் நமக்குக் கிடைத்தவை ரௌலட் சட்டமும் ஜாலியன்வாலா பாக்கும்.

வெல்ஸின் நேர்மையை நாம் மறுக்கமாட்டோம். வெர்சேல்ஸ் உடன்படிக்கையைக் கண்டு அவர் வெட்கினார். சர்வதேச சங்கத்துக்காக உழைத்தவர், அது பல்லில்லாமல் பிறந்ததைக் கண்டு அதையும் கண்டித்தார். சரித்திரத்தைத் தேச வெறியின்றிக் கற்பித்தாலொழிய ஜனங்கள் மீண்டும் ஏமாறுவர் என்று கருதியே உலக சரித்திரத்தை எழுதத் துணிந்தார். 1920-க்குள் அது முடிந்தது. கலிங்கத்தில் வென்ற பின் வாளை வைத்துவிட்ட அசோகரை அவர் அவ்வளவு உயர்த்தியதன் காரணம், 1914-ல் தாம் நின்ற இடத்தை எண்ணிப் பார்த்ததாக இருக்கலாம் என்பது நமது ஊகம். 1934-ல் எழுதிய சுயசரிதத்தில் யுத்த காலத்துத் தமது மனநிலையைத் தாமே குறை கூறினார்.

இரண்டாம் மகாயுத்தத்தில் குண்டுகள் விழுந்த காலத்திலும் அவர் லண்டனை விட்டுப் போகவில்லை. தாம் கற்பித்த அணுகுண்டு 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவில் விழுந்த செய்தியைக் கேட்க உயிரோடிருந்தார். அவ்வாண்டு வெளிவந்த அவருடைய கடைசிச் சிறு நூலில் மனித குலத்தின் எதிர்காலத்தைப் பற்றிய நம்பிக்கை ஏதும் மிஞ்சவில்லை. 1946 ஆகஸ்ட் 13-ந் தேதி, எண்பது வயது நிறைய ஒரு மாதமும் சில நாட்களும் இருக்கையில், ரீஜெண்ட் பூங்காவை அடுத்த தமது வீட்டில் காலமானார். அவருடைய சாம்பல் இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த கடலில் கரைக்கப்பட்டது.