கல்லைப் படித்தவர் கலையைக் காத்த கதை

கலை நிர்வாகத்தில் முதுகலை படிக்க வெளிநாடு போகிறேன் என்று சொன்னபோது எங்கள் தோட்டத்தில் யாருக்கும் அது என்ன படிப்பு என்று விளங்கவில்லை. நடன அரங்கேற்றத்துக்கு மண்டபம் பிடித்துக் கொடுக்கிற வேலையா என்று அப்பா கேட்டார். அவர் கேமரன் மலையில் ஒரு தேயிலை ஆலையில் முப்பது ஆண்டுகளாக வேலை செய்பவர். அவர் சொன்னது முழுவதும் தவறில்லை. மண்டபம் பிடிப்பதும் அதில் உண்டு. வரவு செலவுத் திட்டம், மானியத்துக்கு விண்ணப்பம் எழுதுவது, பதிப்புரிமை, பழம்பொருள்களுக்குப் பதிவேடு வைப்பது என்று இன்னும் பலவும் உண்டு.

முதல் பருவத்தில் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். உங்கள் இனத்தில், கலைப்பொருள்களைக் காப்பதற்கு வாழ்நாளைக் கொடுத்த ஒருவரைப் பற்றி எழுத வேண்டும். வகுப்பில் நான் ஒருத்திதான் தமிழ்ப்பெண். இரண்டு நாள் யோசித்து ஆனந்த குமாரசுவாமியைத் தேர்ந்தெடுத்தேன். பள்ளியில் அவர் பெயரைக் கேட்டிருக்கிறேன். நடராசர் சிலையைப் பற்றி எழுதியவர் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது.

அவர் 1877 ஆகஸ்டு 22-ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். தந்தை சர் முத்து குமாரசுவாமி, ஈழத்தமிழர்; வழக்கறிஞர், இலங்கைச் சட்டமன்ற உறுப்பினர். அரிச்சந்திரன் நாடகத்தை 1863-இல் ஆங்கிலத்தில் தந்தவரும் அவரே. தாய் எலிசபெத் பீபி, ஆங்கிலேயப் பெண்மணி. இலங்கை அரசியலில் புகழ்பெற்ற பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் குமாரசுவாமிக்கு அத்தை மகன்கள். தந்தை 1879-இல் இறந்தபோது பிள்ளைக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. தாயோடு இங்கிலாந்திலேயே வளர்ந்தார்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அவர் படித்தது கலை அல்ல. நிலவியலும் தாவரவியலும்! 1900-இல் பட்டம் பெற்றார். பிறகு இலங்கைக்குத் திரும்பி, 1903 முதல் 1906 வரை அங்கே கனிம ஆய்வுத் துறையின் இயக்குநராக இருந்தார். அவர் கண்டெடுத்த ஒரு கனிமத்துக்குத் தோரியனைட் என்று பெயர் வந்தது. அந்த ஆய்வுகளுக்காக லண்டன் பல்கலைக்கழகம் முனைவர் பட்டமும் கொடுத்தது. அறிவியல் பிரிவில் படித்துவிட்டோமே, இனிக் கலைப்பக்கம் போக முடியாதே என்று கவலைப்படும் தம்பி தங்கைகள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

பாறை தேடி மலைநாட்டுக் கிராமங்களில் அலைந்தபோதுதான் அவர் கண்ணில் வேறொன்று பட்டது. கொல்லர், தச்சர், நெசவாளர், ஓவியர் என்று தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்து வந்தவர்கள் தொழிலை விட்டுக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த மலிவான சாமான்களோடு அவர்களால் போட்டியிட முடியவில்லை. குமாரசுவாமி கனிமக் குறிப்பேட்டோடு இன்னொரு குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டார். அவருடைய மனைவி எத்தல் புகைப்படங்கள் எடுத்தார். பின்னாளில் இங்கிலாந்தின் பெயர்பெற்ற நெசவுக் கலைஞரானவர் அவர். கணவருடைய புகழில் அவருடைய உழைப்பு பல நூல்களில் மறைந்துபோகிறது என்பது எனக்குக் கொஞ்சம் கோபந்தான்.

அந்தக் குறிப்புகள் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெரிய நூலாயின. 1907 செப்டம்பரில் தொடங்கி 1908 டிசம்பர் வரை, இங்கிலாந்தில் தம் வீட்டில் வைத்திருந்த கை அச்சு இயந்திரத்தில் தம் மேற்பார்வையிலேயே அதை அச்சிட்டார். மொத்தம் 425 படிகள். அந்த இயந்திரம் ஒரு காலத்தில் வில்லியம் மோரிசுடையது. இயந்திரத் தொழிலுக்கு எதிராகக் கைத்தொழிலை உயர்த்திப் பிடித்தவர் மோரிசு.

அடுத்து இந்தியா. 1910-11-இல் அலகாபாத்தில் நடந்த பெரிய கண்காட்சியில் கலைப்பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. வட இந்தியா முழுதும் சுற்றி ஓவியங்கள் சேகரித்தார். அதுவரை முகலாய ஓவியங்களோடு கலந்து கிடந்த இராசபுத்திர ஓவியங்களைத் தனி மரபாக எடுத்துக்காட்டினார். அதைப் பற்றிய அவருடைய நூல் 1916-இல் வெளிவந்தது.

அவர் வாழ்க்கையில் என்னை நெடுநேரம் நிறுத்திய இடம் இதற்குப் பக்கத்தில் இருக்கிறது. காசியில் ஒரு தேசிய அருங்காட்சியகம் கட்டுங்கள், என் சேகரிப்பு முழுவதையும் தருகிறேன் என்று அவர் முன்வந்தார். கட்ட யாரும் முன்வரவில்லை. பணம் இருந்தவர்களுக்கு ஆர்வம் இல்லை. ஆட்சி வெள்ளையர் கையில். போதாக்குறைக்கு முதல் உலகப் போர் வந்தது. இந்தியாவுக்கு விடுதலை இல்லாதபோது பிரிட்டனுக்காகப் போரிட மாட்டேன் என்று மறுத்தார். இங்கிலாந்தில் அவருக்கு இடமில்லாமல் போயிற்று.

1917-இல் அந்தச் சேகரிப்பு அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போனது. அதை வாங்கிக் கொடுத்தவர் டென்மன் ராஸ் என்ற செல்வர். பொருள்களோடு குமாரசுவாமியும் போனார், இந்தியக் கலைப்பிரிவின் காப்பாளராக. இறக்கும்வரை முப்பது ஆண்டுகள் அங்கேதான் வேலை.

அந்த முப்பது ஆண்டுகளில் அவர் செய்ததை நான் படிக்கும் பாடத்தின் கண்ணோடு பார்த்தபோது வியப்பாக இருந்தது. 1918-இல் வந்த சிவ நடனம் பற்றிய கட்டுரைத் தொகுப்பைத்தான் உலகம் அறியும். அதன் தலைப்புக் கட்டுரை அதற்கு முன்பே, 1912-இல், சென்னையிலிருந்து வந்த சித்தாந்த தீபிகை இதழில் வெளிவந்துவிட்டது. ஆனால் 1923 முதல் பகுதி பகுதியாக அவர் வெளியிட்ட அருங்காட்சியகப் பட்டியல்களைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை. ஒவ்வொரு பொருளாக எடுத்து, எங்கே செய்தது, எப்போது, எதனால், எதற்காக என்று எழுதும் வேலை அது. கைதட்டல் கிடைக்காது. அது இல்லாவிட்டால் பெட்டிக்குள் இருப்பது பழைய சாமான், அவ்வளவுதான். 1927-இல் வந்த அவருடைய இந்திய, இந்தோனேசியக் கலை வரலாறு நம் பக்கத்துத் தீவுகளின் கோயில்களையும் அந்தப் பெருங்கதையில் சேர்த்துப் பேசியது.

அருங்காட்சியகத்திலேயே உட்கார்ந்துகொண்டு அருங்காட்சியகம் எதற்கு என்றும் கேட்டவர் அவர். 1940-களின் தொடக்கத்தில் அதைப் பற்றியே எழுதினார். கண்ணாடிக்குள் இருக்கும் பொருள் எதுவும் கண்ணாடிக்குள் வைப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. சாப்பிடவோ, உடுக்கவோ, கும்பிடவோ செய்தது. அந்தப் பயனைப் பார்ப்பவருக்குப் புரியவைப்பதே காப்பாளரின் கடமை, வெறுமனே அழகு காட்டுவதல்ல என்பது அவர் வாதம்.

இதைப் படித்த இரவு எனக்குப் பாட்டியின் கூடை நினைவுக்கு வந்தது. தலையில் பட்டை மாட்டி முதுகில் தொங்கவிட்ட பிரம்புக்கூடை. இன்று எங்கள் மலையில் கொழுந்தை வெட்டக் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. வெட்டுபவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேபாளம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். லயத்து வீடுகள் பலவற்றில் தமிழ்க்குடும்பம் இல்லை. கூடைகளை யாரும் சேர்த்து வைக்கவில்லை. பாட்டியின் கூடை எங்கள் வீட்டுப் பரணில் கிடப்பது தற்செயல்.

ஒன்று சொல்லியாக வேண்டும். குமாரசுவாமியின் எல்லாக் கருத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை. பரம்பரைத் தொழிலையும் அதைத் தாங்கிய பழைய சமூக அடுக்கையும் அவர் மெச்சிப் பேசினார். அந்த அடுக்கின் அடியில் நசுங்கியதும் பசியும் சேர்ந்துதான் எங்கள் கொள்ளுத்தாத்தாவைக் கப்பல் ஏற்றின என்று வீட்டில் சொல்வார்கள். கொழுந்து பறிப்பதைப் பாட்டி பரம்பரைக் கலை என்று நினைக்கவில்லை. தன் பிள்ளைகள் அந்தக் கூடையைத் தூக்கக்கூடாது என்றுதான் நினைத்தார். கூடையைக் காக்கலாம்; அதைச் சுமந்த வாழ்க்கையைப் போற்றிப் பாட என்னால் முடியாது. இதையே பயிற்சிக் கட்டுரையில் எழுதினேன். அவருடைய சீடர்கள் போல எழுதவில்லையே என்று பயந்தேன். ஆசிரியர் அந்தப் பக்கத்தைத்தான் வகுப்பில் படிக்கச் சொன்னார்.

1947 ஆகஸ்டு 15-ஆம் நாள் இந்தியா விடுதலை பெற்றது. ஒரு வாரத்தில் குமாரசுவாமிக்கு எழுபது வயது நிறைந்தது. நண்பர்கள் பாஸ்டனில் விருந்து வைத்தார்கள். வேலையை முடித்துக்கொண்டு இந்தியாவுக்குப் போய் எஞ்சிய காலத்தைக் கழிக்கப் போவதாக அவர் அங்கே தெரிவித்தார். செப்டம்பர் 9-ஆம் நாள், பாஸ்டனுக்குப் பக்கத்தில் நீடம் என்ற ஊரில் தம் வீட்டில் இறந்துபோனார். ஓவியங்கள் இன்றும் பாஸ்டனில்தான் இருக்கின்றன.

விடுமுறைக்கு வந்தபோது பரணிலிருந்து கூடையை இறக்கினேன். ஒரு பக்கம் பிரம்பு ஒடிந்திருந்தது. வாய் எத்தனை அகலம், உயரம் எவ்வளவு என்று அப்பா அளக்க, நான் எழுதினேன். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, எத்தனை கிலோ கொழுந்து பிடிக்கும் என்று கேட்டபோது, அவர் அளவுநாடாவை வைத்துவிட்டு, எதிர் லயத்தில் இருக்கும் பெரியம்மாவுக்குத்தான் அது தெரியும், வா போய்க் கேட்போம் என்று செருப்பை மாட்டினார்.