கல்கத்தாவில் இடமில்லை, மெட்ராஸிலும் இடமில்லை... ரங்கூன் கப்பலில் ஏறிய ஜட்சன் தம்பதி!

வெளிநாட்டில் வேலை உறுதியாகிவிட்டது. சொந்தபந்தம் எல்லோரிடமும் சொல்லிவிட்டு, புது மனைவியோடு கிளம்பிவிட்டீர்கள். போய் இறங்கினால், இங்கே தங்க உங்களுக்கு அனுமதி கிடையாது, வந்த கப்பலிலேயே திரும்பிப் போங்கள் என்கிறார்கள். என்ன செய்வீர்கள்?

1812-ல் அடோனிராம் ஜட்சனும் ஆன் ஜட்சனும் இந்த இடத்தில்தான் நின்றார்கள். அவருக்கு 23 வயது, அவருக்கு மனைவியான ஆனுக்கு 22.

இருவரும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்தவர்கள். பிப்ரவரி 5-ம் தேதி கல்யாணம். இரண்டே வாரத்தில், 19-ம் தேதி, சேலம் துறைமுகத்தில் கப்பல் ஏறிவிட்டார்கள். நம்ம சேலம் இல்லைங்க, இது மாசசூசெட்ஸில் இருக்கும் சேலம்! கூடவே சாமுவேல் நியூவெல், ஹாரியட் நியூவெல் என்ற இன்னொரு இளம் தம்பதி. அமெரிக்க மிஷன் சங்கம் ஒன்று முதன்முறையாக வெளிநாட்டுக்கு அனுப்பிய மிஷனரிகள் இவர்கள். நான்கு மாதக் கடல் பயணம் முடிந்து, ஜூன் 17-ல் கல்கத்தா வந்தார்கள்.

கம்பெனி கதவைச் சாத்தியது ஏன்?

அப்போது கல்கத்தாவை ஆண்டது கிழக்கிந்தியக் கம்பெனி. கம்பெனிக்கு வியாபாரம்தான் முக்கியம். மதப் பிரசாரம் செய்கிறவர்களால் உள்ளூர் மக்களும் சிப்பாய்களும் கொதித்துவிடுவார்களோ என்ற பயம் அதற்கு இருந்தது. அந்தப் பயத்துக்கு நம்ம ஊரும் ஒரு காரணம். 1806-ல் வேலூர் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள் இல்லையா? அதற்கு மிஷனரிகள் மீதும் பழி போட்ட ஆங்கிலேயர்கள் இருந்தார்கள். அதன்பிறகு கெடுபிடி கூடியது.

போதாக்குறைக்கு, ஜட்சன் தம்பதி வந்து இறங்கிய அதே வாரத்தில் அமெரிக்கா பிரிட்டன் மீது போர் அறிவித்தது. அந்தச் செய்தி கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தபோது, அமெரிக்கர்கள் எதிரி நாட்டுக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

திரும்பிப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. கெஞ்சிக் கேட்டு, மொரிஷியஸ் தீவுக்குப் போக அனுமதி வாங்கினார்கள். ஆனால் கிடைத்த கப்பலில் இரண்டு பேருக்குத்தான் இடம். ஹாரியட் கர்ப்பமாக இருந்ததால், நியூவெல் தம்பதி முதலில் கிளம்பினார்கள்.

காத்திருந்த நாட்களில் ஜட்சன் இன்னொரு முடிவெடுத்தார். கப்பலிலேயே ஞானஸ்நானம் பற்றி நிறையப் படித்து, பாப்டிஸ்ட் சபையின் நிலைப்பாடுதான் சரி என்று நினைக்கத் தொடங்கியிருந்தார். ஆனுக்கு முதலில் உடன்பாடில்லை. பிறகு அவரும் தானே படித்து அதே முடிவுக்கு வந்தார். செப்டம்பர் 6-ல் கல்கத்தாவில் இருவரும் மறுபடி ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆனால் அவர்களுக்குப் பணம் அனுப்பிய சங்கம் வேறு சபையைச் சேர்ந்தது. அதிலிருந்து ஜட்சன் விலகினார். அவ்ளோதான், சம்பளமும் போச்சு. தங்க அனுமதியும் இல்லை, கையில் காசும் இல்லை. இவர்களைப் போலவே பாப்டிஸ்ட் ஆன நண்பர் லூதர் ரைஸ், புது ஆதரவு திரட்ட பின்னர் அமெரிக்கா திரும்பினார்.

ஆற்றில் ஒரு துரத்தல்

நவம்பரில், இருவரையும் இங்கிலாந்துக்கு அனுப்ப கம்பெனி உத்தரவிட்டது. அவர்கள் மொரிஷியஸ் செல்லும் கப்பலில் ஏறினார்கள். ஹூக்ளி ஆற்றில் பாதி வழியில் கப்பலை நிறுத்தி, இவர்களை இறக்கிவிட்டார்கள். கரையில் சில நாட்கள் தவிப்பு. திடீரென அனுமதிச்சீட்டு வந்தது. ஆனால் கப்பல் போய்விட்டிருந்தது! படகில் ஆற்றோடு துரத்திக்கொண்டு போனால், கடல் முகப்பில் அது இன்னும் நங்கூரமிட்டு நின்றது.

1813 ஜனவரியில் மொரிஷியஸ் போய்ச் சேர்ந்தவர்களுக்கு முதலில் கிடைத்தது துக்கச் செய்தி. ஹாரியட் குழந்தையையும் இழந்து, தானும் இறந்துவிட்டிருந்தார். அவருக்கு வயது 19.

மெட்ராஸில் 18 நாட்கள்

அடுத்து பினாங்கு போகலாம் என்று திட்டம். அதற்குக் கப்பல் தேடி, ஜூன் 4-ம் தேதி மெட்ராஸ் வந்தார்கள். இங்கிருந்த லவ்லெஸ் என்ற மிஷனரி தம்பதி அன்பாகக் கவனித்துக்கொண்டார்கள். ஆனால் மெட்ராஸிலும் கம்பெனி ஆட்சிதானே? இவர்கள் வந்த தகவல் கல்கத்தாவுக்குப் போய்விட்டது. அங்கிருந்து பதில் வந்தால், அடுத்த கப்பல் இங்கிலாந்துக்குத்தான்.

துறைமுகத்தில் பினாங்கு கப்பல் இல்லை. கிளம்பத் தயாராக இருந்தது ரங்கூன் போகும் ஒரு பழைய கப்பல் மட்டும்.

பர்மா ஜட்சனுக்குப் புதிய பெயர் இல்லை. அமெரிக்காவில் இருக்கும்போதே அந்த நாட்டைப் பற்றிப் படித்து ஆசைப்பட்டவர்தான். ஆனால் அங்கே மன்னராட்சி, தண்டனைகள் கொடூரமானவை, போகாதீர்கள் என்று கல்கத்தாவில் பலரும் எச்சரித்திருந்தார்கள். இப்போது வேறு வழியில்லை. ஜூன் 22-ல் கிளம்பினார்கள். ஆன் நிறைமாதக் கர்ப்பிணி. நடுக்கடலில், மருத்துவ உதவி எதுவும் இல்லாமல், அவருக்குக் குழந்தை இறந்து பிறந்தது. ஜூலை 13-ல் ரங்கூன் சேர்ந்தபோது அவரால் நடக்க முடியவில்லை. நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அதற்கு எட்டு நாள் கழித்து, ஜூலை 21-ல், லண்டனில் கம்பெனியின் புதிய சாசனச் சட்டம் ஒப்புதல் பெற்றது. லைசென்ஸ் வாங்கிக்கொண்டு மிஷனரிகள் இந்தியா வர அது வழிசெய்தது!

மொழிதான் வேலை

ரங்கூனில் இருவரும் முதலில் மாணவர்கள் ஆனார்கள். பர்மிய எழுத்தில் வார்த்தைகளுக்கு நடுவே இடைவெளி கிடையாது. நல்ல அகராதியும் இல்லை. நாள் முழுக்க ஓர் ஆசிரியரோடு உட்கார்ந்து படித்தார் ஜட்சன். வீட்டையும் வேலையாட்களையும் கவனித்தபடியே ஆன் பேச்சு மொழியை வேகமாகப் பிடித்துக்கொண்டார். அங்கே பிறந்த மகன் ரோஜர், எட்டு மாதத்தில் இறந்தான். முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றது 1819-ல், அதாவது ஆறு வருடம் கழித்து.

1824-ல் பிரிட்டனுக்கும் பர்மாவுக்கும் போர் வந்தது. அன்று எதிரி நாட்டுக்காரர் என்று ஆங்கிலேயர்கள் விரட்டிய அதே ஜட்சனை, ஆங்கிலேயர்களின் உளவாளியாக இருக்கலாம் என்று பர்மியர்கள் தலைநகர் ஆவாவில் சிறையில் தள்ளினார்கள். காலில் மூன்று ஜோடி விலங்கு.

அந்த மாதங்களில் அவரைக் காப்பாற்றியது ஆன்தான். தினம் சாப்பாடு கொண்டுபோவார், அதிகாரிகள் வீட்டு வாசலில் மனுவோடு நிற்பார். சிறைவாசத்தின் நடுவில் மகள் மரியா பிறந்தாள். கணவரை வேறு சிறைக்கு மாற்றியபோது கைக்குழந்தையோடு பின்னாலேயே போனார். ஆன் நோயில் விழுந்து பால் வற்றியபோது, காவலர்களுக்குக் காசு கொடுத்து வெளியே வந்த ஜட்சன், கால் விலங்கோடு கிராமத்தில் வீடு வீடாகப் போய், பாலூட்டும் தாய்மார்களிடம் தன் குழந்தைக்காகக் கெஞ்சினார்.

அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதியை, ஆன் ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்திருந்தார். சிறை மாற்றத்தில் அது தூக்கி வீசப்பட்டது. ஞாபகமாக இருக்கட்டும் என்று ஒரு சீடர் எடுத்து வைத்திருந்ததால் பிழைத்தது.

போர் முடிந்து குடும்பம் ஒன்றுசேர்ந்த சில மாதங்களில், 1826 அக்டோபரில், ஆன் இறந்தார். அப்போது ஜட்சன் ஊரில் இல்லை. ஆறு மாதத்தில் மரியாவும் போய்விட்டாள். ஜட்சன் நீண்ட காலம் மனம் உடைந்து ஒதுங்கிக் கிடந்தார்.

பிறகும் மேசைக்குத் திரும்பினார். 1834-ல் முழு பைபிளையும் பர்மிய மொழியில் முடித்தார். 1849-ல் ஆங்கில-பர்மிய அகராதியை முடித்தார். அந்த பைபிளை மியான்மர் கிறிஸ்தவர்கள் இன்றும் வாசிக்கிறார்கள்.

ஒரு கதவு மூடினால் இன்னொன்று திறக்கும் என்று இந்தக் கதையைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் திறந்த கதவுக்கு அவர்கள் கொடுத்த விலையையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். அந்த விலையில் பெரும்பங்கு ஆன் கொடுத்தது.

1850 ஏப்ரல் 12-ல், உடல்நலம் தேடிச் சென்ற கப்பல் பயணத்தில் ஜட்சன் இறந்தார். கடலிலேயே அடக்கம் செய்தார்கள். 37 வருடங்களுக்கு முன் மெட்ராஸிலிருந்து அந்தப் பழைய கப்பல் அவர்களைச் சுமந்து சென்ற அதே வங்காள விரிகுடாவில்.