கதை சொன்ன முன்சீப்

மணப்பாறைப் பக்கத்து மாணவர் சிலர், கதை எழுதத் தமக்குத் தகுதி உண்டோ என ஐயுற்று நிற்பதுண்டு. அவர்களுக்கு நாம் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் வாழ்வையே எடுத்துரைப்போம்.

1826-இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்த அவர், திருச்சி நீதிமன்றத்தில் பதிவேட்டுக் காப்பாளராய்ப் பணி தொடங்கி, 1857-இல் முன்சீப் ஆனார். புலமை என்றால் செய்யுளே என்றிருந்த காலம் அது. அவரும் 1859-இல் நீதிநூலைச் செய்யுளாகவே இயற்றினார். எனினும், தமிழில் முன்மாதிரி ஏதுமின்றி, 1879-இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்னும் உரைநடைப் புதினத்தை வெளியிட்டார்.

கையூட்டைப் பாட்டில் கடிந்தவர் நீதி இருக்கையில் நேர்மை காத்தார். ஈகையைப் போற்றியவர் தாது வருடப் பஞ்சத்தில் தம் பொருளை வாரி வழங்கினார். 1889-இல் மறைந்தார்.

எழுத அமரும்போது நமக்கும் கை தயங்குகின்றது. நடை சிறக்குமா என்னும் ஐயம் பழகப் பழகத் தீரும். எழுதியவாறு வாழ்கின்றோமா என்னும் ஐயமோ தீரலாகாது. அதுவே எழுத்தைக் காக்கும்.